பெயர் சொல்லிக் கூப்பிடாத டவாலி ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

தீர்ப்பு வந்துவிட்ட செய்தி உங்களில் பலரை எட்டியிருக்கும். வழக்கு எதைப் பற்றியது என்று அறிந்தவர்களுக்கு நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. அறியாதவர்கள் கேட்காமல் இருப்பதையே எங்கள் மகளுக்குச் செய்யும் உதவியாக எடுத்துக்கொள்கிறேன். நடுக்கம் இன்னும் முழுவதும் அடங்காத நிலையில் எழுதுவதால், யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள்.

முதல் நன்றி அந்த நீதிமன்றத்தின் டவாலி ஐயாவுக்கு, அதாவது வழக்குக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஊழியருக்கு. அவர் பெயரையும் நான் எழுதவில்லை. எழுதினால் எந்த ஊர், எந்த நீதிமன்றம், எந்தப் பெண் என்று வரிசையாகத் தெரிந்துவிடும்.

வழக்கு என்று நீதிமன்றப் படி ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே வாசலில் நின்று உரத்த குரலில் பெயர் சொல்லி அழைப்பார்கள், வராந்தாவில் காத்திருப்பவர் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது, சாட்சியம் அளிக்கும்போது குழந்தை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், முகத்தைப் பார்க்காதபடி ஏற்பாடு செய்யச் சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பெல்லாம் அறைக்கு உள்ளேதான். எதிரியின் உறவினர்களும் நாங்களும் மணிக்கணக்கில் நின்றது ஒரே வராந்தாவில்.

மகள் சாட்சியம் அளிக்க வேண்டிய நாளில் டவாலி ஐயா எங்கள் பக்கமாக வந்து, "பாப்பா பேரை நான் கூப்பிட மாட்டேம்மா. அந்தக் கடைசி பெஞ்சுலயே இருங்க, நேரம் வந்தா நானே வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார். மற்ற வழக்குகளுக்குக் கட்டடம் அதிரக் கூப்பிட்ட அந்தக் குரல் எங்களிடம் "வாங்கம்மா" என்றபோது, பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. வாய்தா தள்ளிப்போன நாள்களிலும் அப்படியே செய்தார். அனுதாபமாக ஒரு சொல் சொன்னதில்லை, என்ன நடந்தது என்று விசாரித்ததும் இல்லை. அவரை இப்படிச் செய்யும்படி யாரும் பணித்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019-ஆம் ஆண்டு, பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அரசாணையிலேயே அச்சாகி வெளிவந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்று அப்போதே சட்டத்தில் இருந்தது கோட்டையில் இருந்தவர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் தவறவிட்டதை இந்த மனிதர் ஒவ்வொரு வாய்தாவிலும் காப்பாற்றினார். அதே வழக்கில் 2025 மே 13 அன்று குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட செய்தியை என் மகள் திரும்பத் திரும்பப் படித்தாள். கூண்டில் நின்று உண்மையைச் சொல்லும் துணிவை எல்லோரும் புகழ்கிறார்கள். அதற்கு முன்னால் காத்திருக்கும் நேரத்தில்தான் பல பெண்கள் மனம் உடைந்து திரும்பிப் போகிறார்கள் என்பது நான் கண்கூடாகக் கண்டது.

காவல் சீருடை இல்லாமல் சாதாரணப் புடவையில் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் பதிந்த பெண் உதவி ஆய்வாளருக்கும், "எஃப்.ஐ.ஆர். அப்புறம் வரட்டும், சிகிச்சையை இலவசமாகவே தர வேண்டும் என்பது சட்டம்" என்று எங்களை உள்ளே அழைத்துச் சென்ற செவிலியருக்கும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன் மகளின் சம்மதத்தைக் கேட்டதோடு, உச்ச நீதிமன்றம் 2022-இல் கடுமையாகக் கண்டித்த இருவிரல் சோதனையைத் தான் செய்யப்போவதில்லை என்று தெளிவாகச் சொன்ன மருத்துவருக்கும், விடுபட்ட பாடங்களைக் காரணம் கேட்காமல் எழுதித் தந்த வகுப்பாசிரியைக்கும், சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுக்காமல் திரும்பிய எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி. சமாதானமாகப் போய்விடச் சொன்ன உறவினர்களைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. இது நன்றி மடல்.

அந்த நீதிமன்றத்தில் ஒரு நல்ல மனிதர் இருந்ததால் எங்கள் மகள் தப்பித்தாள். அவர் ஓய்வு பெற்றபின் அந்த பெஞ்சில் உட்காரப்போகும் குழந்தைக்கு என்ன ஏற்பாடு? சாட்சியைப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழைக்கலாம், காத்திருக்கத் தனி அறை தரலாம். இதைக் கேட்டு மாவட்ட நீதிபதிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரமே கொடுத்துவிடுவேன்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். பெண்கள் உதவி எண்ணான 181-க்கோ, குழந்தையானால் 1098-க்கோ அழைத்தால் உதவி கிடைக்கும் என்பதைச் சந்திக்கும் பெண்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். அதற்குப் பிறகு வரும் வாய்தா நாள்களுக்குத்தான் ஆள் துணை வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் எங்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். நீதிமன்றத்துக்குத் தனியே போகத் தயங்கும் தாய்மார்கள் அங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கு நான் கூட வருவேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்