உரக் கணக்கு எங்கே உட்காரப் போகிறது? சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உரம் விற்கும் நம் சங்கத்துக்குப் புது மென்பொருள் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். நான் உங்கள் உறுப்பினர். பாளையங்கோட்டையில் அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ரசீதில் முத்திரை எங்கே வர வேண்டும் என்று பேசுவதற்கு முன், கணக்கை எந்தத் தரவுத்தளத்தில் (கணக்கைச் சேமித்து, கேட்கும்போது எடுத்துத் தரும் மென்பொருள்) வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

போன பிசான நெல் சாகுபடிக்கு உரம் வாங்க வந்த அன்று நானும் வரிசையில் நின்றேன். நான்கு கணினிகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே அக்சஸ் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) கோப்பு. இரண்டு ஊழியர்களின் திரையிலும் யூரியா இருப்பு 40 மூட்டை. ஒருவர் 3 மூட்டை கொடுத்து 37 என்று சேமித்தார். அடுத்தவர் 2 கொடுத்து 38 என்று சேமித்தார். கிட்டங்கியில் இருந்ததோ 35. அப்புறம் கரண்ட் போய் வந்தது; கோப்பே திறக்கவில்லை. ஊழியர்கள்மேல் பழி போட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் தப்பு அவர்களுடையது இல்லை.

பொதுக் கோப்புறையில் கோப்பு இருந்தால் ஒவ்வொரு கணினியும் அதற்குள் நேரடியாகக் கை வைக்கிறது. எழுதும்போது ஒன்று பாதியில் அணைந்தால் கோப்பு சிதையலாம். எஸ்கியூலைட் என்ற, ஒரே கோப்பில் எல்லாவற்றையும் வைக்கும் தரவுத்தளம் அருமையானதுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பல கணினிகள் நெட்வொர்க் வழியே அதன் கோப்பைத் திறப்பதை அதை உருவாக்கியவர்களே பரிந்துரைப்பதில்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை வையுங்கள். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை அது. உரிமக் கட்டணம் கிடையாது. கோப்பை அது மட்டுமே தொடும், மற்ற கணினிகள் அதனிடம் கேட்டு வாங்கும். மாற்றத்தை முதலில் பதிவேட்டில் குறித்துக்கொள்வதால், கரண்ட் போனாலும் முடிந்த ரசீது நிற்கும், முடியாதது இருந்த தடமே இருக்காது. மரியாடிபி என்ற இன்னொரு தரவுத்தளம் தெரிந்த ஆள் கிடைத்தால் அதுவும் சரி.

மென்பொருள் எழுதுபவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: 'இருப்பு 38' என்று எழுதக் கூடாது, 'இருப்பில் 2 கழி' என்று எழுத வேண்டும். இது தவறினால் எந்தத் தரவுத்தளமும் அந்த மூட்டைகளைக் காப்பாற்றாது.

தரவுத்தளத்தை வைக்க யுபிஎஸ் உள்ள ஒரு கணினி போதும். தினமும் இரவு ஒரு நகல் எடுத்து வேறு ஊரில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாம். அதே அறை அலமாரியில் இருக்கும் நகல் எதற்கு ஆகும்? மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணினியில் திறந்தும் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். நான் இரண்டு மடிக்கணினிகளோடு வந்து, அந்த யூரியா கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்