மருந்தை அளக்கிறீர்கள், எதிர்ப்புச் சக்தியை எப்போது அளப்பீர்கள்? உறுப்பு மாற்று மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பு மாற்று மருத்துவர்களுக்கும், அந்தச் சிகிச்சைக்கான வழிகாட்டு நெறிகளை எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நம்மில் பெரும்பாலோர் ரத்தத்தில் தீங்கின்றி இருந்துகொண்டு, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்டக்கூடிய டோர்க் டெனோ வைரஸைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அது ஏன் எங்கள் வீட்டு நோயாளிகளின் ரிப்போர்ட்டில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் நான். அறுவை நல்லபடியாக முடிந்தது. அதைச் செய்தவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

மாற்று உறுப்பை உடம்பு தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முந்தின இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், காலை மாத்திரை போட்டிருக்கக் கூடாது. தம்பி அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஊசி குத்துமுன் "மாத்திரை போட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். அவன் டப்பாவை எடுத்துக் காட்டுவான். ரத்தம் எடுத்ததும் பஞ்சை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் மூடியைத் திறந்து விழுங்குவான். ஒரு தடவைகூட இதில் அவன் தவறியதில்லை. ரிப்போர்ட் வரும். எண் சொன்ன வரம்புக்குள் இருக்கும். 'நார்மல்' என்பார்கள்.

இருமல் தொடங்கிய வாரமும் நார்மல். மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்த வாரமும் நார்மல். நுரையீரலில் பூஞ்சைத் தொற்று என்று ஆக்சிஜன் வைத்த அன்றும் நார்மல்தான். படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மருந்து அளவு சரியாத்தானே இருக்கு" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

சரி, தொற்று வந்துவிட்டது, மருந்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? "குறைச்சுப் பார்ப்போம்" என்றார்கள். பார்த்தோம். தொற்று அடங்கி அவன் வீட்டுக்கு வந்து எழுந்து நடமாட ஆரம்பித்த சமயத்தில், சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் ஏறத் தொடங்கியது. சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி பார்த்தார்கள். நான் கொடுத்த சிறுநீரகத்தை அவன் உடம்பு தள்ளத் தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டு ஊசிகள், மறுபடியும் கூடிய மருந்து, மறுபடியும் தொற்றுப் பயம். இப்போது சிறுநீரகம் வேலை செய்கிறது, முன்பு செய்த அளவுக்கு இல்லை. போன திறன் திரும்பி வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இத்தனை நாளும் அவன் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்தீர்கள். அந்த மருந்து அவனுடைய எதிர்ப்புச் சக்தியை எவ்வளவு அடக்கியிருக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. ஒரே அளவு மருந்து ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்கு மிஞ்சியும் போகும் என்பது உங்கள் துறையில் எல்லோரும் அறிந்தது. அப்படியிருக்க, நோயாளியின் பாதுகாப்பு முழுவதையும் அந்த ஓர் எண்ணின் தலையில் ஏற்றிவைப்பது எப்படிச் சரியாகும்?

அளக்க வழியே இல்லை என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வழி இருக்கிறது. 1997-இல் ஜப்பானில், ரத்தம் ஏற்றிக்கொண்ட பின் கல்லீரல் அழற்சி வந்த ஒருவரிடம் இந்த வைரஸை முதலில் கண்டார்கள். அழற்சிக்கு இதுதான் காரணமோ என்று சந்தேகப்பட்டார்கள். தேடத் தேட நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களின் ரத்தத்திலும் அது இருந்தது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். எந்த நோய்க்கும் இதுதான் காரணம் என்று இன்றுவரை உறுதியாகவில்லை.

தீங்கு செய்யாததால்தான் அது இவ்வளவு உதவியாகிறது. அதை ஒரு கட்டுக்குள் வைத்திருப்பது நம் எதிர்ப்புச் சக்தி. அந்தச் சக்தி தளர்ந்தால் ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை ஏறும், மீண்டால் இறங்கும். மாற்று அறுவைக்குப் பின் மருந்து தொடங்கியதும் அது ஏறி, மூன்றாம் மாதவாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கி நிலைகொள்கிறது. மாற்று உறுப்புப் பெற்றவர்களுக்குத் தொல்லை தரும் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸை அடக்க நீங்கள் தரும் மருந்து இதைத் தொடுவதில்லை. ஆகவே எண்ணிக்கை இறங்கினால் அந்த மருந்தால் இறங்கியதோ என்று குழம்பவும் வேண்டாம். ரத்தத்தில் ஒரு பி.சி.ஆர். பரிசோதனை போதும். பி.சி.ஆர். கருவி உங்கள் ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கிறது.

இதயமும் நுரையீரலும் மாற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தில் இந்த வைரஸ் குடும்பம் மருந்தின் வீரியத்தோடு ஏறுவதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2013-இலேயே எழுதிவிட்டார்கள். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 லட்சம் முதல் 10 கோடி வைரஸ் பிரதிகள் வரை இருந்தால் நல்லது என்று வியன்னா மருத்துவர்கள் ஒரு வரம்பையே முன்வைத்தார்கள். அதற்குக் கீழே போனால் உறுப்பை உடல் தள்ளும் அபாயம் கூடும், மேலே போனால் தொற்று அபாயம் கூடும். என் தம்பி மாட்டிக்கொண்ட இரண்டு பக்கமும் இந்த ஒரே அளவுகோலில் இருக்கிறது. இதை வைத்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஐரோப்பாவில் 13 மையங்களில் 260 நோயாளிகளுக்கான ஆய்வும் ஏற்பாடானது. கொரோனா தடுப்பூசிக் காலத்திலும், மாற்று உறுப்புப் பெற்றவர்களில் இந்த எண்ணிக்கை அதிகமாக இருந்தவர்களுக்கு ஊசியின் பலன் குறைவாக இருந்ததை உங்கள் துறையினரே பதிவு செய்தார்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பரிசோதனைக் கிட்டின் எண்ணும் இன்னொரு கிட்டின் எண்ணும் ஒத்துப்போகாது. மருந்தை மாற்றினால் வைரஸ் உடனே மாறாது, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். சிலரிடம் வைரஸே இருக்காது. எல்லாம் நியாயமான பேச்சு. நானும் டாக்ரோலிமஸ் பரிசோதனையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இந்த எண்ணும் இருக்கட்டும் என்கிறேன். கிரியேட்டினின் மட்டும் குறையில்லாத அளவுகோலா? அது ஏறும்போது சேதம் பெரும்பாலும் தொடங்கிவிட்டிருக்கும். இருந்தும் அதைப் பார்க்காமல் நீங்கள் ஒரு நோயாளியையும் அனுப்புவதில்லை. இந்த எண் தெரிந்திருந்தால் தம்பிக்கு எதுவுமே வந்திருக்காது என்றும் நான் சொல்ல வரவில்லை. மாதாமாதம் அது ஏறிக்கொண்டே போயிருந்தால், இருமல் வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் நின்று யோசித்திருப்பார். மருந்தைக் குறைத்தபோது எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஏதோ ஒரு பிடி கிடைத்திருக்கும்.

இதை நான் கேட்காமலும் இல்லை. தொற்று அடங்கிய பிறகு, இப்படி ஒரு பரிசோதனை இருக்கிறதாமே என்று மெதுவாகத்தான் கேட்டேன். "எங்கேயோ படிச்சுட்டு வந்து கேட்காதீங்கம்மா" என்ற பதில் வந்தது. வேறெங்கே போய்ப் படிப்பது? எங்கள் கையில் எண்களாக அச்சடித்துத் தருகிறீர்கள், அவற்றுக்குப் பொருள் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. அடுத்த நோயாளி கதவைத் திறந்துகொண்டு நிற்பார், நாங்கள் பாதிக் கேள்வியோடு எழுந்து வருவோம். மூச்சு வாங்குது என்று நோயாளி சொல்வதைவிடத் தாளில் இருக்கும் எண்ணுக்கு மதிப்பு அதிகம். ஓர் உறுப்பைக் கொடுத்த மனுஷிக்கு அந்த உறுப்பு என்ன ஆகிறது என்று கேட்கும் உரிமை இல்லையா? கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உங்களில் பலர் சாப்பிட நேரமில்லாமல் நோயாளிகளைப் பார்ப்பதையும் கண்ணால் பார்த்தவள்தான் நான். அவர்கள் மனம் நோக வேண்டாம்.

என் வேண்டுகோள் இதுதான். வழிகாட்டு நெறிகளை அடுத்த முறை திருத்தும்போது, மாற்று உறுப்புப் பெற்றவர்களின் வழக்கமான கண்காணிப்பில் டோர்க் டெனோ வைரஸின் அளவையும் சேர்த்துவிடுங்கள். எந்த மாதங்களில் பார்ப்பது, எந்தக் கிட்டுக்கு எந்த வரம்பு, ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று தெளிவாக எழுதுங்கள். எழுதும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று கருதினால், அதையாவது காரணத்தோடு வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த ஆதாரத்தைச் சேர்க்க எங்கள் வீட்டு நோயாளிகளையும் ஆய்வுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்க அவர்கள் யோசிக்க மாட்டார்கள், வேண்டிய அளவு கொடுத்துப் பழகியவர்கள்.

அதுவரை, தொற்று வந்து மருந்தைக் குறைக்க வேண்டிய நிலையில் இருக்கும் நோயாளிகளுக்காவது இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுங்கள். வரும் எண்ணை அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த ஓர் அக்கா