இடது பக்கத்துச் சத்தம்

ஏற்காடு
ஞாயிறு, மழை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ ஆபீஸ் அவசரத்தில் "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா" என்றாய், எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம்ம பிக்கப்பின் பாடியைச் சேஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் பிராக்கெட்டில் ஒன்று, இடது பின் சக்கரத்துக்கு மேலே இருப்பது, கையோடு வந்துவிட்டது. பயப்படாதே, ஓடும்போது இல்லை, பட்டறையில்தான். மலை இறங்கும்போது வலப்பக்கம் ஒடிக்கிற வளைவில் எல்லாம் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வருமே, அது போன மாதம் 'டொக்கு டொக்கு' என்று ஆகிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, நேராகக் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் விட்டேன்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் நீ என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்? 2018-ல் ரிவர்ஸ் எடுக்கும்போது இடது மூலையைக் களத்துச் சுவரில் வைத்தாய். அதற்கப்புறம் வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் "பாப்பா இடிச்சதிலிருந்து வண்டி சரியில்லை" என்று சொன்னேன். உன் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம்கூட. நீ சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அம்மா அன்றைக்கு ராத்திரி என்னோடு பேசவில்லை.

இனி பட்டறைக்கு வருகிறேன்.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாடியைத் தூக்காம இதுல கை வெக்க மாட்டேங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அடுத்த மாதம் எஃப்.சி., வண்டியின் தகுதிச் சான்று, வருகிறது, எட்டு வருஷம் தாண்டிய வண்டி, வருஷா வருஷம் காட்டியாக வேண்டும். ஒரு நாளில் முடித்துக் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். போல்ட் எல்லாம் துருவில் இறுகிக் கிடந்தது. டீசலை ஊற்றி ஊற வைத்தும் மூன்று அசையவில்லை, கிரைண்டரில் அறுத்தார்கள். செயின் பிளாக் போட்டு பாடியைத் தூக்கினதும் அந்த பிராக்கெட்டை அவர் ஸ்க்ரூடிரைவரால் சும்மா ஒரு நெம்பு நெம்பினார். ஏடு ஏடாக உதிர்ந்தது. பப்ஸ் கடித்தால் உதிருமே, அப்படி.

"பொண்ணு சுவத்துல இடிச்சிட்டா, அதனால..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இடிச்சா வளையுங்க, இல்ல கிழியும். இப்படி உதிராது. இது உப்பு தின்னது" என்றார்.

உதிர்ந்ததில் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். துருவுக்கு நடுவே இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் மண் மாதிரி ஒட்டியிருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பொட்டாஷ். காபிக்கும் மிளகுக்கும் போட நான் சேலத்திலிருந்து ஏற்றி வருவது. பொட்டாசியம் குளோரைடு என்று நீ பள்ளிக்கூடத்தில் படித்தது. சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி. பாடியின் தரைத் தகட்டில் ஒட்டு வருகிற இடம் சரியாக அந்த பிராக்கெட்டுக்கு மேலேதான். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தினது அந்த இடுக்கு வழியாக இறங்கி அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் நம்ம ஊர்ப் பனிமூட்டம், மழை, சக்கரம் அடிக்கிற சேறு. காய வழியே இல்லை. நான் வண்டியைக் கழுவினால் மேலே கழுவுவேன், கண்ணாடியைத் துடைப்பேன். அடியில் ஒரு நாளும் தண்ணீர் அடித்ததில்லை.

கனடாவில் உங்கள் ஊரில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், வண்டியின் அடியெல்லாம் அரித்துப்போகும் என்று நீ ஒரு தடவை சொன்னாய். நல்லவேளை நம்ம மலையில் அந்த உப்பு இல்லை என்றேன். இருந்திருக்கிறது. நானே காசு கொடுத்து ஏற்றியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ கனடா போன வருஷம் சத்தம் அதிகமானபோது டவுனில் ஒருத்தரிடம் காட்டினேன். வண்டிக்கு அடியில் படுத்தபடியே, துருவைத் தேய்க்காமல், அதன்மேலேயே ஒரு பட்டையை வைத்து வெல்டிங் அடித்து, கறுப்பு பெயின்ட் பூசிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை, சந்தோஷமாக ஓட்டி வந்தேன். இப்போது பிரித்துப் பார்த்தால், அந்தப் பட்டைக்கும் பழசுக்கும் நடுவே ஒரு பை மாதிரி ஆகி, ஈரத்தைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்திருக்கிறது.

சேஸ் தப்பித்தது. மேஸ்திரி சின்னச் சுத்தியலால் அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு 'டிங்' என்கிறது, செத்தது 'டொப்' என்கிறது. எல்லா இடமும் டிங். பழைய வெல்டை கிரைண்டரில் சீவி, சேஸில் பள்ளம் விழாமல் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் வரை தேய்த்தார்கள்.

புது பிராக்கெட்டுக்கு வலது பக்கத்து நல்லதைப் பார்த்து அட்டையில் அளவு வெட்டினான் ஒரு பையன். இடதுக்கு அட்டையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை மறந்து அப்படியே வளைத்துவிட்டான். வலது பக்கத்துக்கு இன்னொன்று தயார்! மேஸ்திரி திட்டவில்லை, "இதையும் வெச்சுக்கோ, என்னைக்காவது ஆகும்" என்றார். நான் பத்து எம்.எம். பிளேட்டில் போடச் சொன்னேன், இனி ஆயுசுக்கும் வராதே என்று. மாட்டேன் என்றுவிட்டார். பழசு நாலு, அவர் போட்டது ஐந்து. பிராக்கெட் ரொம்ப முரடாக இருந்தால் அது அசையாது, இழுப்பு முழுக்க சேஸுக்குப் போய் அங்கே விரிசல் விடுமாம். நீ இன்ஜினீயர், சரியா தப்பா சொல்லு. எனக்குச் சரியாகத்தான் பட்டது.

பேட்டரி வயரைக் கழற்றினார்கள். பிரேக் பைப்பு, டீசல் ஓஸ் மேலெல்லாம் நனைத்த சாக்கு. எர்த் கிளாம்பை வெல்டிங் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். தூரமாக எங்கேயாவது மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும் என்றார். வெல்டிங் ராடு வைத்திருந்த பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. 7018 ராடாம், ஈரம் ஏறினால் வெல்டு பின்னால் விரிசல் விடும், அதனால் சூட்டிலேயே வைத்திருக்கிறார். கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி இருந்தது.

முதலில் டேக், அதாவது அங்கங்கே ஒரு பொட்டு வெல்டு, மட்டும் வைத்து, பாடியை இறக்கி, எல்லா ஓட்டையிலும் போல்ட் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்தார். மறுபடி தூக்கித்தான் முழு வெல்டு. அதையும் ஒரேயடியாக ஓட்டவில்லை. இந்தப் பக்கம் இரண்டு அங்குலம், ஒரு பீடி, அந்தப் பக்கம் இரண்டு அங்குலம். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ராடு படவே விடவில்லை, நடுப் பக்கவாட்டில் மட்டும். அவசரத்தில் நான் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு போனேன். "அய்யய்யோ, தானா ஆறட்டுங்க" என்று கத்தினார்.

அப்புறம் ஜிங்க் பிரைமர், பெயின்ட், புது ரப்பர், புது போல்ட். தரைத் தகட்டு இடுக்கையும் அடைத்துவிட்டார்கள். மூன்று நாள் ஆனது. எவ்வளவு ஆனது என்று கேட்காதே, அம்மா கேட்டதற்கே பாதிதான் சொன்னேன்.

நேற்று பத்து மூட்டை உரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். இந்தத் தடவை அடியில் தார்ப்பாய் விரித்து. கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்தேன். ஒன்றுமில்லை. பதினைந்தாவது வளைவு வரைக்கும் நம்பாமலே ஓட்டினேன்.

பழைய பிராக்கெட்டில் மிச்சமிருந்ததைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்து திண்ணையில் வைத்திருக்கிறேன். உன் சித்தப்பா வந்தார். இது என்ன என்றார். பாப்பா பேரில் சொன்னதெல்லாம் தப்பு, என் பொட்டாஷ்தான் தின்றது என்று சொன்னேன். பெரியத்தைக்குப் போனில் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்கும் சொல்கிறேன், ஒவ்வொருத்தராக.

அந்தச் சுவருக்கு அப்புறம் நீ இரண்டு தடவை ஊருக்கு வந்தாய், இரண்டு தடவையும் பிக்கப் சாவியை நான் தரவில்லை. நீயும் கேட்கவில்லை.

டிசம்பரில் நீ வரும்போது காபிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். சாவி ஆணியில் தொங்கும். கிளட்ச் இப்போது கொஞ்சம் மேலே பிடிக்கிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
அப்பா