அடைக்கலம் வந்த பிள்ளையின் மதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரிடரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வேற்று மத ஊழிய அமைப்புகள் எடுத்து வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும், அதற்கு வந்த இரண்டு எதிர்வினைகளையும் படித்தேன். மிஷனரிகள் எல்லாருமே பிள்ளை பிடிக்கிறவர்கள் என்கிறார் ஒருவர். பட்டினி கிடக்கிற குழந்தைக்கு மதம் என்ன வேண்டியிருக்கிறது என்கிறார் மற்றவர். நான் கிறிஸ்தவன். எங்கள் சபை அனுப்பும் ஊழியக் காணிக்கையில் என் பங்கும் போகிறது. ஆனாலும் என் பக்கம் நின்று பேசும் இரண்டாமவரோடுதான் எனக்கு வழக்கு அதிகம்.

குழந்தைக்கு மதம் எதற்கு என்ற கேள்வியை அவர் வளர்க்கிறவரிடமும் கேட்டிருக்க வேண்டும். மதம் ஒரு பொருட்டே இல்லையென்றால் ஞானஸ்நானத்துக்கு ஏன் அவசரம்? தாய் தகப்பன் வைத்த பெயரை ஏன் மாற்ற வேண்டும்?

2004 டிசம்பர் சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலம் அழிந்து கிடந்தபோது நடந்ததை அவர் மறந்திருக்கலாம். அமெரிக்க மிஷனரி அமைப்பு ஒன்று, ஆச்சேயின் முஸ்லிம் பிள்ளைகள் 300 பேரை ஜகார்த்தாவில் ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் வளர்க்கப் போவதாகச் சொல்லி நன்கொடை கேட்டது. இந்தப் பிள்ளைகள் வழியாக ஆச்சே மக்களிடையே விசுவாசத்துக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும் என்று அந்த வேண்டுகோளிலேயே ஒளிவு மறைவில்லாமல் சொல்லப்பட்டிருந்தது. இந்தோனேசிய அரசு சம்மதிக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. உணவும் படுக்கையும் கொடுக்க நினைத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்துக்குள் நுழைய அவர்களுடைய பிள்ளையே வாசல் என்று கணக்குப் போட்ட பிறகு, அந்தப் பிள்ளைக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

இந்தோனேசியாவின் 2002ஆம் ஆண்டுக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், தத்தெடுப்பவரும் பிள்ளையும் ஒரே மதத்தவராக இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளையின் பூர்வீகமே தெரியாவிட்டால் அந்த ஊரில் பெரும்பான்மையோரின் மதம் அதன் மதமாகக் கொள்ளப்படும். இந்த இரண்டாவது விதி எனக்கு உவப்பானதல்ல. பச்சைக் குழந்தைக்குத் தலை எண்ணியா மதம் தருவது? 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை இன்னும் நிதானமாகப் பேசுகிறது. குடும்பத்தை இழந்த பிள்ளையை எங்கே வளர்ப்பது என்று முடிவுசெய்யும்போது, அதன் வளர்ப்பு இடையில் அறுந்துவிடாமல் தொடர்வதையும், அதன் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றையும் உரிய அளவில் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 20ஆவது பிரிவு. வேற்று மதத்தவர் தொடவே கூடாது என்று அதில் இல்லை.

இரக்கம் உண்மையாக இருந்தால் போதாதா என்பவர்களுக்கு, பிரான்சின் ஃபினலி சகோதரர்களின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. 1944இல் யூதப் பெற்றோர் நாஜிகளிடம் பிடிபட்டு மாண்டார்கள். இரண்டு சிறுவர்களையும் மறைத்துவைத்துக் காப்பாற்றியவர் கிரெனோபிள் நகரக் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளரான ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. அது பெரிய துணிச்சல். போர் முடிந்ததும் நியூசிலாந்திலிருந்து அத்தை, பிள்ளைகளை அனுப்பிவையுங்கள் என்று எழுதினார். அந்த அம்மாள் விடவில்லை. 1948இல் இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. ஒப்படைக்கும்படி 1953இல் நீதிமன்றம் சொன்னபோது, பாதிரியார்களும் கன்னியர்களும் துணைபோக, பிள்ளைகள் எல்லை தாண்டி ஸ்பெயினுக்குள் மறைக்கப்பட்டார்கள். பெரும் கொந்தளிப்புக்குப் பிறகு, அதே ஆண்டில்தான் உறவினர்களிடம் வந்து சேர்ந்தார்கள். உயிரைக் காத்தது பொய்யல்ல, பாசமும் பொய்யல்ல. ஆனால் அடைக்கலமாக வைத்துப்போன நகையை, பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன் என்பதற்காக யாரும் தன் பெட்டியில் பூட்டிக்கொள்வதில்லை.

வளர்ந்த பிள்ளைகளே நன்றி சொல்கிறார்களே என்றும் அந்த இரண்டாமவர் எழுதியிருந்தார். சொல்லத்தான் செய்வார்கள். 1858இல், அப்போது போப்பின் ஆட்சியில் இருந்த இத்தாலிய நகரமான போலோஞாவில் எட்கார்தோ மோர்த்தாரா என்ற ஆறு வயது யூதச் சிறுவனைப் போப்பின் காவலர்கள் வீடு புகுந்து கொண்டுபோனார்கள். கைக்குழந்தையாக நோயுற்றுக் கிடந்தபோது வீட்டுப் பணிப்பெண் ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்திருந்தாள் என்பது காரணம். பெற்றோர் உயிரோடு இருந்து மன்றாடியும் பலனில்லை. அந்தச் சிறுவன் பாதிரியாராகி, தன்னை வளர்த்த போப்பைக் கடைசிவரை புகழ்ந்து, 1940இல் இறந்தான். அதனால் 1858இல் நடந்தது நியாயமாகிவிடுமா? வளர்த்தவர் கையால் உருவான மனம் வளர்த்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்வதில் வியப்பில்லை.

முதல் கடிதக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது ஒரு மதத்தின் நோய் அல்ல. முதல் உலகப் போரின்போது, லெபனானின் அந்தூராவில் ஒட்டோமான் ஆட்சி நடத்திய இல்லத்தில் ஆர்மீனியக் கிறிஸ்தவ அநாதைப் பிள்ளைகளுக்கு முஸ்லிம் பெயர் சூட்டித் துருக்கியராக்கப் பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டு இறுதியில் வட இந்தியப் பஞ்சங்களில் பிள்ளைகள் மிஷன் காப்பகங்களுக்குப் போவதைக் கண்ட ஆரிய சமாஜம் என்ற இந்துச் சீர்திருத்த இயக்கம் திட்டுவதோடு நிற்காமல் தானே இல்லம் நடத்தியது. லாலா லஜபதிராயும் அதற்காக உழைத்தார். அதிலும் தலை எண்ணும் போட்டி கலந்திருந்தது என்றாலும், பிள்ளைக்குப் பாய் விரித்தார்கள். பாய் விரிக்காமல் கூச்சல் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் பேச என்ன தகுதி?

எங்களவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். முதலில், பிள்ளை உண்மையிலேயே அநாதையா என்று தேடிப் பாருங்கள். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 33 பிள்ளைகளோடு எல்லையைக் கடக்க முயன்று அமெரிக்க பாப்டிஸ்ட் சபைக் கிறிஸ்தவர்கள் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. உறவு யாருமே இல்லையென்றால், வேறு நல்ல இடமும் இல்லையென்றால், தாராளமாக வளருங்கள். ஆனால் பெயரும் ஊரும் குடும்ப விவரமும் கோப்பில் இருக்கட்டும். அவர்கள் மதத்துப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துப் போகக் கதவு திறந்திருக்கட்டும். எல்லாரும் முழந்தாளிடும் வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் தனியே நிற்காது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஞானஸ்நானம் என்ற பேச்சே, அது வளர்ந்து, தன் சோற்றுக்கு நம்மை நம்பியிராத நாள்வரை வரக் கூடாது என்கிறேன். அன்றைக்கு அது தானாக வந்து கேட்டால் எனக்கு மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்கிறது வேதாகமத்தின் யாக்கோபு நிருபம். அவர்கள் நம்மவராக வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை.

எங்கள் காணிக்கை போய்ச் சேரும் இல்லங்களில் இவையெல்லாம் நடக்கின்றனவா என்று சபையின் ஊழியக் குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்