எம்.எஸ்சி. நர்சிங் படிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டி பக்கமிருந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்வரும் செவிலியர் நான். எம்.எஸ்சி. நர்சிங் சேர பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண்ணும், ஒரு வருடப் பணி அனுபவமும் வேண்டும். சரி, நியாயமான விதிதான், வார்டில் நின்று பழகாதவர் மேற்படிப்பில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஆனால் அந்த அனுபவச் சான்றிதழை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிவிடுகிறார்கள், படிக்கப் போகிறேன் என்று கேட்டால் "வேற ஆள் கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இழுத்தடிக்கிறார்கள், கவுன்சலிங் தேதியோ யாருக்காகவும் நிற்காது. என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி நைட் டியூட்டி முடித்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அலுவலக வாசலில் நின்று நின்றே அந்த வருட அட்மிஷனைத் தவறவிட்டாள்.

படித்து முடித்தவர்களும் பலர் கல்லூரியில் பாடம் நடத்தத்தான் போகிறார்கள், வார்டில் மேற்படிப்புக்கென்று தனிச் சம்பளம் கிடைப்பதில்லையே! மனநலம், குழந்தைகள் நலம், மகப்பேறு என்று ஒரே துறையில் இரண்டு வருடம் ஊறியவர் நோயாளி பக்கத்தில் இருக்க வேண்டாமா? தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் பயிற்சியோடு சிகிச்சையிலும் பங்கெடுக்கும் செவிலியர்) மேற்படிப்பும் இருக்கிறது. தேனி, சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்தெல்லாம் முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குத்தான் ஓடிவருகிறார்கள், அவர்களுக்கு இப்படி மேற்படிப்பு முடித்த செவிலியர்கள் தேவை.

ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, கேட்ட ஒரு வாரத்துக்குள் அனுபவச் சான்று தர வேண்டும் என்று சுகாதாரத் துறை கண்டிப்பாக உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர், உசிலம்பட்டி