ஹீமோகுளோபினை அலட்சியமாக விடாதே, ரகு

அன்புள்ள ரகு,

இங்கே எல்லோரும் நலம். சங்கரன் வழக்கம்போல யாரிடமோ கோபித்துக்கொண்டு போனை அணைத்துவைத்திருக்கிறான். அந்தக் கதை அப்புறம். நீ அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

இதய வால்வு ஆபரேஷனுக்கு நான்கு வாரம் இருக்கிறது என்கிறாய். எக்கோவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஹீமோகுளோபின் 10.4 என்பதற்கு ஒரே வரி: "கொஞ்சம் கம்மியாம், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றிக்கொள்ளலாமாம்." அரை மார்க்குக்காகக் கணக்கு வாத்தியாரிடம் வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றவன்தானே நீ! இதை மட்டும் எப்படி விட்டாய்? ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனமே வரையறுத்திருக்கிறது.

ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷினை வேலைக் காலம் முழுவதும் ஓட்டியவன் நான். அந்தக் குழாய்களில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதனால் முன்கூட்டியே தெளிந்த திரவத்தால் நிரப்பிவைப்போம். ஒன்றேகால் லிட்டர் என்று வைத்துக்கொள். கிளாம்பை எடுத்ததும் நோயாளியின் ரத்தம் வந்து அதில் கலக்கும். கருஞ்சிவப்பு கண்ணெதிரே வெளிறும். உன் உடம்பில் 5 லிட்டர் ரத்தம் இருந்தால், ஹீமோகுளோபினில் ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். 13-உடன் வருபவர் 10.4-இல் நிற்பார். 10.4-உடன் போகும் நீ 8.3-க்கு வந்துவிடுவாய். அறுவையில் சிந்தும் ரத்தத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதய அறுவை நோயாளிகளை வைத்து நடத்தி 2017-இல் வந்த 'ட்ரிக்ஸ் 3' ஆய்வில், ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே போகும்வரை பொறுத்து ரத்தம் ஏற்றியவர்களுக்கு, 9.5-க்குக் கீழே வந்ததுமே ஏற்றியவர்களைவிட மோசமான விளைவு எதுவும் இல்லை. ஆனால் பொறுத்துப் பார்ப்பதற்கும் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். உன்னிடம் அது இல்லை. ஏற்றும் ரத்தமும் ஆபத்தே இல்லாத மருந்து கிடையாது. திரவம் அதிகமாகி நுரையீரல் திணறுவதை ஐசியுவில் பார்த்திருக்கிறேன்.

உன் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 72 என்று இருக்கிறது. சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், கூடவே பி12, ஃபோலேட் வைட்டமின்கள் எல்லாம் உடனே பார்க்கச் சொல். அதற்கு முன் நீயாகக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, சோதனை முடிவு குழம்பும். மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும், இதய நோயாளிகளில் பலருக்கு உடம்பு அதைச் சரியாக உறிஞ்சவும் செய்யாது. உனக்கு இருக்கிற அவகாசத்துக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இரும்பு பொருந்துமா என்று கேள். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியைப் பற்றியும் பேச்சு வரலாம்; ரத்தம் உறையும் அபாயம் அதில் உண்டு, டாக்டர் முடிவுசெய்யட்டும்.

இன்னொன்று, இதுதான் என்னை உறுத்துகிறது. உன் இரும்பு எங்கே போகிறது? ஆஸ்பிரினால் வயிற்றில் கசிவு இருக்கலாம். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் அயோர்ட்டிக் வால்வு சுருங்கியவர்களுக்குக் குடலில் ரத்தம் கசிவதை ஹைடு என்ற டாக்டர் 1958-லேயே எழுதிவைத்தார். குறுகிய வால்வு வழியே ரத்தம் பீய்ச்சிப் போகும்போது, அது உறைய உதவும் ஒரு புரதம் சிதைந்துவிடுகிறது. குடலில் புற்றுநோய் இருந்தாலும் இப்படிக் கசியும், உன் வயதில் அதையும் பார்த்துவிட வேண்டும். மலம் கறுத்துப் போகிறதா? கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல். அதற்காக ஆஸ்பிரினை நீயாக நிறுத்திவிடாதே. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வால்வையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். பாதிக் காரணம் இந்த ரத்தசோகையாகக்கூட இருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ரத்தமே வேண்டாம் என்று அங்கே அடம்பிடித்தால் நானே வந்து திட்டுவேன். கசிவு கட்டுக்கடங்காதபோது அந்த ஒரு பைதான் உயிரைக் காப்பாற்றும். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுப்பார்களா, சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துத் திருப்பி ஏற்றும் செல் சேவர் இருக்கிறதா என்று மட்டும் மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுவை.

திங்கட்கிழமையே போய்ப் பார். நான்கு வாரம் போதாது, தேதியைத் தள்ளலாம் என்று அவர்கள் சொன்னால் முகத்தைச் சுளிக்காதே. தள்ளக் கூடாது, உன் வால்வு தாங்காது என்றாலும் அவர்கள் பேச்சைக் கேள். ஃபெரிட்டின் முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு. பத்மாவிடம் தனியாகப் பேசுகிறேன், நீ எப்படியும் பாதியை மறைப்பாய்.

அன்புடன்,
மூர்த்தி