கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, தம்பி

தம்பி,

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. போனிலேயே சொல்லியிருப்பேன், போன வாரம் இரண்டு முறை அடித்தேன், நீ எடுக்கவில்லை. வாட்சாப்பில் நீல டிக் மட்டும் வருகிறது. சரி, வேலை இருக்கும்.

நீ சொன்ன மாதிரியே கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். சுவிட்சைத் தட்டியதிலிருந்து பிரவுசர் திறக்க 7 நிமிடம் 10 வினாடி. மதர்போர்டு படம் வந்து மறைவது பத்து வினாடிகூட இல்லை, அதற்கப்புறம் அந்த வட்டம் சுற்றுகிறதே, நேரமெல்லாம் அங்கேதான் போகிறது. முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு மினுக்காமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம், சிபியு வெறும் 9. சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், சாமான் எடுத்துக் கொடுக்கிற பையனுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஸ்டார்ட்டப் பட்டியலில் 14 பெயர். பிரிண்டரைத் தூக்கிப்போட்டு எத்தனையோ வருசம் ஆகிறது, அதன் சாஃப்ட்வேர் இன்னும் தினமும் காலையில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது! உன் கேம்கள் இரண்டு இருந்தன, டிஸேபிள்தான் செய்தேன், அழிக்கவில்லை. 5 நிமிடத்துக்கு இறங்கியது. சந்தா முடிந்த ஆன்டிவைரஸ் ஒன்று விண்டோஸின் சொந்தக் காவலோடு முட்டிக்கொண்டு கிடந்தது, அதை எடுத்ததும் நாலரை. அதற்குக் கீழே வரவில்லை.

அப்புறம்தான் சிம் லிம் ஸ்குவேர் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் எஸ்எஸ்டி வாங்கினேன், பழைய டிஸ்க்குக்குப் பதில் போடுகிற வேகமான டிஸ்க், 48 வெள்ளி. கடைக்காரர் பெட்டியையே மாற்றுங்கள் அங்கிள், விண்டோஸ் 10 காலம் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, இந்தச் சிப்பில் 11 ஏறாது என்றார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் என் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது தன் கையால் பூட்டியது என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த எஸ்எஸ்டியைத்தானே ஆறு வருசத்துக்கு முன்னால் மாமா எதிரில் நீ போடச் சொன்னாய், காசைக் கரியாக்காதே என்று நான்தான் வாயை அடைத்தேன். மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு ஒயரிலும் டேப் சுற்றி உன் கையெழுத்து. ஒன்றில் மட்டும் ‘அப்பா, இதைத் தொடாதீங்க’ என்று இருந்தது. தொடவில்லை.

பழையதை அப்படியே புதியதில் படியெடுக்க இரண்டேகால் மணி நேரம். இப்போது 22 வினாடியில் வந்து நிற்கிறது. சுவிட்சைத் தட்டிவிட்டுத்தானே அம்மா கோப்பி போடப் போவாள், இப்போது தண்ணீர் கொதிக்கும் முன்பே திரை வந்துவிடுகிறது, அவளுக்கு அது பிடிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ அங்கிருந்தே ரிமோட்டில் இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்த்தாயே, மூன்று தடவையும் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால். நீ இருக்கிற பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். லீவு என்றாய். சரி, லீவாக இருக்கட்டும். அம்மா அதைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கணக்கில் மாதாமாதம் போடுகிறாயே, அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வை. எனக்கு மத்திய சேமநிதியிலிருந்து வருகிறது, இரண்டு பேருக்கு அது தாராளம். வெளியில் வாங்கிச் சாப்பிடாதே, சோறு வடித்துச் சாப்பிடு, நேரத்துக்குச் சாப்பிடு.

2003இல் சார்ஸ் வந்ததே, அந்த மார்ச்சில் என்னை ஆட்குறைப்பு செய்தார்கள். நீ தொடக்கநிலை மூன்று. அம்மாவிடம் சொல்லவில்லை. பதினோரு வாரம், தினமும் ஏழு மணிக்குச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு ஸ்டாம்ஃபோர்ட் ரோடு பழைய நூலகத்துக்குப் போனேன். அந்தச் செங்கல் கட்டடம்தான், மறு வருசம் மூடிவிட்டார்கள். திறக்கும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். மாதக் கடைசியில் பள்ளிகளை மூடியபோது நீ சோபாவில் படுத்துக்கொண்டு, “அப்பா ஆபீஸ மட்டும் ஏன் மூடல?” என்று கேட்டாய். அப்பா முக்கியமான ஆள் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

பொய்கூடப் பரவாயில்லை. பேச்சு கொடுத்தால் வேலையைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவீர்களோ என்று வீட்டில் யாரோடும் பேசாமலே இருந்தேன். அந்தக் கணக்குப் புத்தகத்துக்காக உன்னை அடித்தது அப்போதுதான். புத்தகத்தில் ஒன்றும் இல்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இருபது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பழைய டிஸ்க்கை அழிக்கவில்லை, செய்தித்தாளில் சுற்றி உன் அலமாரியில் வைத்திருக்கிறேன், உன் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது என்று நீ சொன்னால்தான் தொடுவேன். செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பேன். அம்மா அந்த நேரம் தேக்காவுக்கு மீன் வாங்கப் போய்விடுவாள், வர மதியம் ஆகும்.

அப்பா